பியூக்கைக் கொடுத்துவிடு

அக்டோபர் 12, 1998

ஆர்லீன் அக்காவுக்கு,

ஆளுநர் அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. தண்டனையைக் குறைக்க முடியாதாம். போன தடவை இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள், இந்தத் தடவை அரைப் பக்கம். அடுத்த தடவை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அடுத்த தடவை என்று ஒன்று வேண்டாம் என்று வக்கீலுக்கும் எழுதிவிட்டேன்.

அழாதே. நானும் அழவில்லை. அன்றைக்கு இங்கே மக்ரோனி போட்டார்கள். என் அறையில் கூட இருக்கிற கைதி ஹார்லன் தன் பங்கையும் என் தட்டில் தள்ளினார். இரண்டையும் சாப்பிட்டேன்.

எனக்காக ஒரு காரியம் செய். உன் கராஜில் நிற்கிற அப்பாவின் பியூக் காரைத் தர்மத்துக்குக் கொடுத்துவிடு. விற்காதே. அந்தக் காரை விற்ற காசு நம் வீட்டில் யார் வயிற்றுக்குள்ளும் போக வேண்டாம். அம்மா கடைசியாகப் படுத்திருந்த மார்த்தா இல்லத்தில் பழைய கார்களை வாங்கி ஏலம் விட்டுத்தான் செலவைச் சமாளிக்கிறார்கள் என்று நீயே ஒருமுறை சொன்னாய். அவர்களுக்குக் கொடு. சாகக் கிடக்கிறவர்களுக்குப் போகட்டும்.

கார் என் பேரில்தானே இருக்கிறது. உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். டெல் அத்தானைக் கேட்டதாகச் சொல்.

லொவெல்


பிளின்ட்
அக்டோபர் 20, 1998

லொவெல்,

நீ அனுப்பிய பத்திரத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். பிறகு டெல் எடுத்து ஒட்டிவிடுவாரோ என்று பயந்து, திரும்ப எடுத்து அடுப்பில் எரித்தேன். இப்போது என்ன செய்வாய்?

எவ்வளவு லேசாக எழுதிவிட்டாய், கொடுத்துவிடு என்று. ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து வந்ததும், உடுப்புகூட மாற்றாமல், நான் போய் அந்தக் காரை ஸ்டார்ட் செய்கிறேன். என்ஜின் சூடாகும்வரை உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை பாட்டரி மாற்றியிருப்பேன்! சீட்டுக்கு அடியில் எலி கூடு கட்டியபோது தெருவே கூடிச் சிரிக்க, நான் ஒருத்தி உள்ளே படுத்துக் கையால் அள்ளிப் போட்டேன். டெல் சொல்கிறார், "நம்ம தெருவுக்கு சர்ச் மணியே வேண்டாம் ஆர்லீன், உன் தம்பி காரே போதும். செத்தவன்கூட எழுந்து உக்காந்துருவான்." சொல்லிவிட்டு அவரே போய்க் கராஜ் கதவைத் திறந்து வைப்பார், புகை என்னை அடைக்கக் கூடாது என்று.

போன வருடம் லான்சிங்கிலிருந்து ஒருவன் வந்து, தலை கிறுகிறுக்கும்படி ஒரு விலை சொன்னான். தான் வேலை பார்க்கிற கார் தொழிற்சாலையை அடுத்த கோடையில் மூடப்போகிறார்கள் என்று டெல்லுக்கு அப்போதே தெரியும். அப்படியும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் அந்த ஆளைத் துரத்தினேன். டெக்சஸ் தொழிற்சாலையில் இடம் தருகிறோம் என்று அவரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் நான் மாட்டேன் என்றேன். என் தம்பி வந்து கதவைத் தட்டினால் யார் திறப்பது?

நீயா சுட்டாய்? கென்னி ட்ராஸ்க் சுட்டான். நீ கடை வாசலில் காரில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாய். அவன் சிகரெட் வாங்கப் போகிறான் என்றுதான் நினைத்தாய். செத்த கடைக்காரர் ஹவ்ரன் பாவம், நல்ல மனிதர், எனக்கும் பாலும் ரொட்டியும் கடன் கொடுத்தவர், அவருக்காக நான் இன்றைக்கும் ஜெபிக்கிறேன். ஆனால் சுட்டவன் சிறைக்குள்ளேயே செத்துத் தொலைந்துவிட்டான். காரை ஓட்டியவனை அவர்கள் இருபது வருடமாக வைத்திருக்கிறார்கள். இருபத்தொரு வயசுப் பையனாகப் போனவன் நீ.

ஆளுநர்கள் வருவார்கள், போவார்கள். ஒருத்தன் மனம் இளகும். அன்றைக்கு அப்பாவின் பியூக்கைத்தான் சிறை வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வருவேன். திரும்பும் வழியில் அந்தப் பெரிய பாலத்தை நீ ஓட்டித் தாண்டு, எனக்கு அதில் தலை சுற்றும்.

இந்தப் பேச்சை இதோடு விடு. நவம்பரில் முடியாது, டிசம்பர் முதல் சனிக்கிழமை வருகிறேன்.

ஆர்லீன்


நவம்பர் 3, 1998

அக்கா,

தொலைந்த பத்திரத்துக்கு நகல் கேட்டு லான்சிங்கில் இருக்கிற மாநில அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். எரிந்துபோனது என்று எழுதினேன். யார் எரித்தது என்று எழுதவில்லை.

இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். நேரில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது.

நீ வருகிறாய் என்றால் நான் இரண்டு நாள் முன்பிருந்தே தயாராக வேண்டியிருக்கிறது. சவரம் செய்து, கண்ணாடி முன்னால் நின்று முகத்தைச் சரி செய்கிறேன். நீ எட்டு மணி நேரம் ஓட்டி வந்து, அந்த மெஷினில் காசு போட்டு எனக்கு ஒரு காய்ந்த பர்கரை வாங்கிக் கொடுத்து, புது டயர் போட்டேன், சீட் உறை தைத்தேன், கார்புரேட்டரைக் கழுவினேன் என்று சொல்லிக்கொண்டே போகிறாய். நான் சிரிக்கிறேன். கலர் என்ன என்று கேட்கிறேன். வசந்தத்தில் பார்க்கலாம் என்று நீ சொல்கிறாய். பார்க்கலாம் என்று நானும் சொல்கிறேன்.

நீ போனபின் என்னால் எழுந்திருக்க முடிவதில்லை. போன முறை ஹார்லன் கேட்டார், "ஏம்ப்பா, உன் அக்கா வந்துட்டுப் போனாலே செத்த மீன் மாதிரி கிடக்கிறியே. அந்தம்மா பாசமா வர்றாங்களா, இல்ல உன்னை அடிச்சுட்டுப் போறாங்களா?"

போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அக்கா, எனக்குக் கொடுத்தது ஆயுள். பரோலே கிடையாது. ஆளுநர்கள் யாரும் இளகப்போவதில்லை. நான் இங்கேயேதான் சாகப்போகிறேன். நாளைக்கோ முப்பது வருடம் கழித்தோ. இதைத் தெரிந்துகொண்டும் என்னால் இருக்க முடிகிறது. காலையில் எழுந்து, துணி வெளுக்கிற இடத்துக்குப் போய், மத்தியானம் ஹார்லனோடு சீட்டாடி, இருந்துவிடுகிறேன். ஆனால் எனக்குத் தெரிந்ததை நீ தெரியாதது போலவே இருக்கிறாய் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தக் கார் கராஜில் நிற்கும்வரை நீ தெரிந்துகொள்ளவே மாட்டாய்.

இதை நான் ஒருவனே சுமக்க முடியாது. நீயும் ஒரு பக்கம் பிடி.

லொவெல்


டிசம்பர் 6, 1998

லொவெல்,

நேற்று வந்தேன். உனக்கே தெரியும்.

வழியில் கேலார்டிலிருந்தே பனி. பாலத்தில் காற்று அதிகம் என்று வண்டிகளை ஆமை வேகத்தில் விட்டார்கள். கண்ணை மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் ஓட்டினேன். சிறையில் அந்த ஒல்லிக் காவலர்தான் இருந்தார், என்னைப் பார்த்தால் எப்போதும் பாதை எப்படி இருந்தது என்று கேட்பாரே, அவர். என் பேரைத் தேடிக்கொண்டே இருந்தார்.

"லிஸ்ட்ல உங்க பேர் இல்லீங்கம்மா."

"இருபது வருஷமா இருந்த பேரு. நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேங்க. போன வாரம் அவரே எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்காரு."

"யாரு? எங்க லொவெலா?"

அவர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். "காபி ஏதாச்சும் குடிச்சுட்டுப் போங்கம்மா. வெளியே குளிரு," என்றார். அவர் இரக்கப்பட்டதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வண்டியில் போய் உட்கார்ந்தேன். வழியில் வாங்கிய பாஸ்டி, அந்தக் கறி அடைத்த ரொட்டி, மடியில் இருந்தது. உனக்குப் பிடிக்கும் என்று ஒவ்வொரு தடவையும் வாங்குவேன், உள்ளே விடமாட்டார்கள் என்று ஒவ்வொரு தடவையும் நானே தின்பேன். நேற்று அதுவும் இறங்கவில்லை. எந்த ஜன்னல் உன்னுடையது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ பார்த்தாயா?

அப்பா சாகும்போது உன்னை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவும் அப்படியே. நீ இன்றைக்கு என்னை வாசலோடு திருப்பி அனுப்புகிறாய்.

ஆர்லீன்


டிசம்பர் 14, 1998

அக்கா,

என் ஜன்னல் அந்தப் பக்கம் இல்லை.

நகல் பத்திரம் வந்துவிட்டது, கையெழுத்துப் போட்டு இதில் வைத்திருக்கிறேன். கொடுத்துவிட்டேன் என்று நீ எழுதுகிற அன்றே உன் பேரைத் திரும்பச் சேர்க்கிறேன். அதுவரை வராதே.

பனியில் ஓட்டாதே.

லொவெல்


பிளின்ட்
பிப்ரவரி 22, 1999

லொவெல்,

கிறிஸ்துமஸுக்கு உனக்கு எழுதாமல் விட்டது இதுதான் முதல் தடவை. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை.

மார்த்தா இல்லத்துக்கு டெல்தான் போன் செய்தார். வெல்மா என்று ஒரு அம்மாள் வந்தாள். எழுபது வயசுக்கு மேல் இருக்கும், ஆண்பிள்ளை பூட்ஸ், மூக்கில் சளி. அம்மாவின் கடைசி வாரத்தில் அவளுக்குத் தலை சீவிவிட்டவள் இவள்தானாம். எனக்கு ஞாபகமில்லை. அவளுக்கு எல்லாம் ஞாபகமிருந்தது. கராஜுக்குள் வந்தவள் காரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

நான் முந்திக்கொண்டு சொன்னேன், "இது எந்தக் காருன்னு முதல்லயே சொல்லிடறேன்."

"ஏம்மா, இந்த ஊர்ல இந்தக் காரைத் தெரியாதவங்க யாரு இருக்கா? பேப்பர்ல முதல் பக்கத்துல வந்துச்சே."

"அப்ப வேணாம்னா சொல்லிடுங்க."

"எங்க கூரை ஒழுகுது. தண்ணி, இது யார் வீட்டுக் காசுன்னு கேட்டா ஒழுகுது?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு மனசு இல்லேன்னா நான் இப்படியே போயிடறேன். வந்ததுக்கு ஒரு காபி மட்டும் குடு," என்றாள்.

மனசு இருக்கிறது என்று சொன்னேன். பொய்தான். அவள் காபியும் குடித்தாள், மிச்சமிருந்த ஆப்பிள் கேக்கையும் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை கார் ஏற்றுகிற பெரிய லாரி ஒன்று வந்தது. பனி உருக ரோட்டில் உப்பு போட்டிருந்ததால், துருப்பிடிக்கும், ஓட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று டெல் சொல்லிவிட்டார். கடைசியாக ஒருமுறை நானே ஸ்டார்ட் செய்து கராஜிலிருந்து வெளியே எடுத்தேன். முதல் திருகலிலேயே பிடித்தது, குளிரில் எப்போதும் அடம்பிடிக்கிற கார். அந்த வண்டிக்காரன் வாயைப் பிளந்துவிட்டான். "அம்மாடி, இதையா தூக்கிக் குடுக்கறீங்க? வீட்ல யாருக்கும் பைத்தியம் இல்லையே?" என்றான். "அதெல்லாம் எங்க குடும்ப விஷயம், நீ சங்கிலியைப் போடு," என்று டெல் அதட்டினார். கார் மேலே ஏறும்வரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாவு வீட்டில் நிற்கிற மாதிரி.

வண்டி டார்ட் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியதும் நான் உள்ளே வந்து பாத்திரம் கழுவினேன்.

நீ கேட்டது நடந்துவிட்டது. நானும் தெரிந்துகொண்டேன். நீ வரமாட்டாய். நீதிபதி சொன்னபோது நான் நம்பவில்லை, மூன்று ஆளுநர்கள் சொன்னபோதும் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை நானே சொல்லிக்கொண்டேன்.

ஆர்லீன்


மார்ச் 2, 1999

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அன்றைக்கே உன் பேரைச் சேர்த்துவிட்டேன். நன்றி.

காரை எப்படி ஏற்றினார்கள்? முன்பக்கம் முதலிலா, பின்பக்கமா? சங்கிலியை பம்பரில் மாட்டவில்லையே? சில பேர் அப்படி மாட்டி வளைத்துவிடுவார்கள். ஸ்டார்ட் செய்தபோது வலதுபக்க வால்வு இன்னும் டிக் டிக் என்று அடித்ததா? அப்பா அதைக் கேட்டுவிட்டு ஒன்றுமில்லை என்பார்.

ஏலம் எப்போது என்று தெரிந்தால் எழுது. முடிந்தால் நீ போய்ப் பார். யார் வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். வேறு ஒன்றுமில்லை.

லொவெல்


பிளின்ட்
மே 17, 1999

லொவெல்,

சனிக்கிழமை ஏலம். இல்லத்துக்குப் பின்னால் இருக்கிற புல்வெளியில் வைத்தார்கள். பழைய வேன்கள், ஒரு படகு, புல் வெட்டுகிற மெஷின்கள், நடுவில் நம் கார். யாரோ மெழுகு போட்டுத் துடைத்திருந்தார்கள். நம் நீலம் அவ்வளவு ஆழமான நீலம் என்று கராஜ் இருட்டில் எனக்குத் தெரிந்ததேயில்லை.

ஏலம் போடுகிறவன் வாய் ஓயாத ஆள். "எழுபதாம் வருஷத்து பியூக் ஜி.எஸ்! நம்ம ஊர்ல, நம்ம ஆளுங்க கையால செஞ்ச மசில் கார்! எட்டு சிலிண்டரு, மிதிச்சா பல்லு கழண்டுரும்! கேட்டுக்குங்க, எவ்வளவு கம்மியா ஓடியிருக்குன்னு பாருங்க!" என்று கத்தினான். கூட்டத்தில் ஒருவன், "ஏன்யா, இருபத்தொம்பது வருஷத்துல இவ்வளவுதானா? மீட்டரைத் திருப்பிட்டியா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு என்ன ஆயிற்றோ, வாயைத் திறந்துவிட்டேன். "மீட்டரை ஒண்ணும் திருப்பல. ஓட்டுறவன் ஊர்ல இல்ல," என்றேன்.

அதற்கும் சிலர் சிரித்தார்கள். எங்கள் வயசுக்காரர்கள் சிலர் சிரிக்கவில்லை. வெல்மா வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிராண்ட் பிளாங்கில் பல் டாக்டராக இருக்கிறவன் வாங்கினான். கெட்டவன் இல்லை. சிரித்த முகம், மனைவிக்கும் சிரித்த முகம். உட்கார்ந்ததுமே ஆக்சிலேட்டரை மிதித்து உறும வைத்தான். கூட்டம் கைதட்டியது. நான் ஜன்னலருகே போய், "கொஞ்சம் பொறுங்க சார், சூடாகறதுக்குள்ள அப்படி மிதிக்கக் கூடாது," என்றேன். "அம்மாவுக்குக் கார் நல்லாத் தெரியும் போல," என்றான். சிவப்புப் பெயின்ட் அடிக்கப்போகிறானாம், நடுவில் வெள்ளைக் கோடு. மனைவிக்குச் சிவப்புதான் பிடிக்குமாம்.

வந்த காசில் கூரை முழுக்க மாற்றிவிடலாம் என்று வெல்மா சொன்னாள். அம்மா படுத்திருந்த அறையில் மழை வந்தால் கட்டிலை நகர்த்துவார்களே, அது இனி வேண்டாம். உன் தம்பிக்கு எழுது என்றாள். எழுதிவிட்டேன்.

சங்கிலியை பம்பரில் மாட்டவில்லை. முன்பக்கம் முதலில் ஏற்றினார்கள். வால்வு இன்னும் அடிக்கிறது.

பேரைச் சேர்த்துவிட்டேன் என்று எழுதினாய். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியும் ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. வந்து என்ன பேசுவது, லொவெல்? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தால் கராஜில் போய் நிற்கிறேன். எதற்கு வந்தேன் என்று கொஞ்ச நேரம் ஞாபகம் வருவதில்லை.

ஆர்லீன்


ஜூன் 9, 1999

அக்கா,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அந்தப் பல் டாக்டர் பகுதியை ஹார்லனுக்கும் படித்துக் காட்டினேன். "சிவப்பா! அவன் பல்லைப் புடுங்கணும்," என்றார். சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை, அது வேறு எதுவாகவோ மாறிவிட்டது. அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இங்கே தலை எண்ணுகிற நேரம் என்று ஒன்று உண்டு. அவரவர் கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் எப்போதும் மனசுக்குள் காரை எடுப்பேன். உன் வீட்டுக் கராஜிலிருந்து பின்னால் எடுத்து, டார்ட் நெடுஞ்சாலைக்கு வந்து, வடக்கே போவேன். சில நாள் சாகினா வரை, சில நாள் ஏரிக்கரை வரை. நீ புது டயர் போட்டேன் என்று சொன்னால் அந்த வாரம் புது டயரில் போவேன். ஏதோ பொழுது போக்குகிறேன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

பிப்ரவரியிலிருந்து முடியவில்லை. கராஜ் கதவைத் திறக்கிறேன், உள்ளே ஒன்றுமில்லை. வேறு ஒரு காரை எடுத்துப் பார்த்தேன். தெருமுனையைத் தாண்டவில்லை. இப்போது தலை எண்ணுகிறபோது கட்டிலில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு எல்லாம் தெரியும், உனக்குத்தான் தெரியவில்லை என்று எழுதினேனே. வருவேன் என்று நானும்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், அக்கா. உன்னைவிட அதிகமாக.

கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. கூரை போடப்போகிறார்கள், நல்லது. நீ மட்டும் வா. பேச ஒன்றும் வேண்டாம். அந்தக் காய்ந்த பர்கரை வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தால் போதும்.

லொவெல்


பிளின்ட்
ஜூலை 1, 1999

லொவெல்,

செவ்வாய்க்கிழமை கடைசி காரும் வெளியே வந்தது, தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். டெல் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, நான் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு, நன்றாக இருந்தது என்றார். முப்பத்தொரு வருடத்தில் அவர் அப்படிச் சொன்னதேயில்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே நடந்துவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். மே கடைசியில் டெக்சஸிலிருந்து மறுபடி கேட்டார்கள். டெல் என்னிடம் வந்து, "இந்தத் தடவையும் மாட்டேன்னு சொல்லிடவா?" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். மாட்டேன் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. முன்பெல்லாம் கார் இருந்தது. நீ வந்து தட்டுவாய் என்று இருந்தது. "சரின்னு சொல்லுங்க," என்றேன். "நிஜமாவா, ஆர்லீன்?" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வீட்டை வாங்க ஆள் இல்லை. இந்தத் தெருவில் பாதி வீடு விற்பனைக்கு நிற்கிறது. பூட்டிவிட்டுத்தான் போகிறோம். ஆகஸ்டில் அவர் அங்கே வேலைக்குச் சேர வேண்டும். அங்கிருந்து உன்னிடம் ஓட்டி வருவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று வரைபடத்தைப் பார்த்தேன். மடித்து வைத்துவிட்டேன்.

உன் கடிதம் இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் என்று உன் மேல் கோபப்பட்டேன். பிறகு என் மேல். பிறகு கோபப்பட யாரும் மிச்சமில்லை.

பதினேழாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். டெல் வண்டி ஓட்டுவார், அவர் வெளியே உட்கார்ந்திருப்பார், நாம் இருவர் மட்டும் இருக்கட்டும் என்கிறார். பர்கர் வாங்குகிறேன். நீ கேட்டபடி ஒன்றும் பேச மாட்டேன். நீயும் சவரம் கிவரம் செய்து தயாராக வேண்டாம், எப்படி இருக்கிறாயோ அப்படியே வந்து உட்கார்.

ஒன்றுதான். எழுந்து கிளம்பும்போது, அடுத்து எப்போது வருவாய் என்று மட்டும் என்னைக் கேட்டுவிடாதே. கேட்டால் நான் ஏதாவது ஒரு மாதத்தைச் சொல்லிவிடுவேன். நீயும் நம்பிவிடுவாய்.

உன் அக்கா,
ஆர்லீன்